மூக்கடைப்பு, தலைபாரம், சைனஸ் தொற்று: வீட்டில் கைகொடுக்கும் குறிப்புகள்

ஐப்பசி அடைமழையில் தொடங்கி மார்கழிப் பனி விலகும்வரை வீட்டுக்கு ஒருவராவது மூக்கடைப்பும் தலைபாரமுமாக நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கன்னம், நெற்றி, இரு கண்களுக்கு இடைப்பட்ட பகுதி, மூக்குக்குப் பின்னால் மண்டையின் ஆழம் என நான்கு இடங்களில் ஜோடி ஜோடியாக நம் எல்லோருக்கும் காற்றறைகள் உண்டு. அவற்றின் உட்சுவரில் ஊறும் சளியைக் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஓயாமல் மூக்கை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். அந்த அறைகளின் வாசல் சில மில்லிமீட்டர்தான். அதிலும் கன்னத்து அறைக்கு வாசல் அடியில் இல்லை, மேற்புறத்தில் இருக்கிறது. சளி மேலே ஏறித்தான் வெளியேற வேண்டும். ஜலதோஷத்தாலோ ஒவ்வாமையாலோ சவ்வு கொஞ்சம் வீங்கினால் போதும், வாசல் அடைபட்டுவிடும். வீட்டு வைத்தியத்தின் வேலை அந்த வாசலைத் திறந்து வைப்பது. அதற்கு மேல் வீட்டு வைத்தியத்தை நம்பக் கூடாத நேரங்களும் உண்டு. இரண்டையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன்.

1. சளி பிடித்த முதல் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சைனஸ் தொற்றைக் கண்டுபிடிக்க வீட்டில் இருக்கும் மிக நல்ல கருவி காலண்டர்தான். வைரஸால் வரும் சளி மூன்றாம் நாள், நான்காம் நாள் உச்சத்துக்குப் போய், ஏழு முதல் பத்து நாளுக்குள் தானே தணியத் தொடங்கும். பெரியவர்களுக்கு வரும் நூறு சளிகளில் இரண்டுகூட பாக்டீரியா தொற்றாக மாறுவதில்லை. மாறியதா என்று சந்தேகிக்க மூன்று வழிகள் உள்ளன: பத்து நாள் கடந்தும் துளியும் குறையாமல் இருப்பது, ஐந்தாறு நாளில் சரியாகி வந்தது திடீரென்று காய்ச்சல், தலைவலி, கெட்டிச் சளி என்று மறுபடி மோசமாவது, ஆரம்பத்திலேயே 102 டிகிரி காய்ச்சலும் முகவலியும் சீழ்போன்ற சளியும் மூன்று நான்கு நாள் விடாமல் இருப்பது. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

2. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிட்டது என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். கிருமியோடு போராடும் வெள்ளையணுக்களில் உள்ள ஒரு நொதிதான் அந்தப் பச்சை நிறத்தைத் தருகிறது. சாதாரண வைரஸ் சளியிலும் நாலைந்து நாளில் இந்த நிறம் வரும், பிறகு போகும்.

3. தலைவலி எல்லாம் சைனஸ் அல்ல. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல வருடம் 'எனக்கு சைனஸ்' என்று சொல்லி ஆவி பிடித்தே காலம் தள்ளுகிறவர்கள் ஏராளம். 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தமக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய மூவாயிரம் பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 88 விழுக்காட்டினருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. மைக்ரேனிலும் மூக்கடைக்கும், கண்ணில் நீர் வரும், கன்னம் கனக்கும். அதனால்தான் இந்தக் குழப்பம். வலி விட்டு விட்டு வந்தால், வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமல் இருந்தால், குமட்டல் வந்தால், இருட்டறையில் படுத்தால் சுகமாக இருந்தால் அது மைக்ரேனாக இருக்க வாய்ப்பு அதிகம். சைனஸ் தொற்று என்றால் கெட்டிச் சளி இருக்கும், மூக்கு அடைத்திருக்கும், வாசனை குறையும், குனிந்தால் கன்னமோ நெற்றியோ கனக்கும், மேல்வரிசைக் கடைவாய்ப் பற்கள் கூசும். சளியே இல்லாமல் வெறும் தலைவலி மட்டும் மாதாமாதம் வந்தால் சைனஸைக் குற்றம் சொல்லாமல் தலைவலிக்கென்றே மருத்துவரைப் பாருங்கள். மைக்ரேனுக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. வீணாகத் துன்பப்பட வேண்டியதில்லை.

4. பின்வருபவற்றில் எது வந்தாலும் இரவோ பகலோ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கம் அல்லது சிவப்பு, பார்வை மங்குதல், ஒன்று இரண்டாகத் தெரிதல், கண்ணை அசைத்தால் வலி, நெற்றியில் மெத்தென்ற புடைப்பு, கழுத்து விறைப்பு, இதுவரை அனுபவிக்காத கடுமையான தலைவலியோடு வாந்தி, குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் எழாத மயக்கம். சைனஸ் அறைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் இடையே இருப்பது மெல்லிய எலும்புதான். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாத நேரம் இது.

5. உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது. வீட்டில் செய்யக்கூடியவற்றில் எனக்கு அதிக நம்பிக்கை இதில்தான். யோகாசனம் பயின்றவர்கள் ஜலநேதி என்று அறிந்த அதே முறையைக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்களும் இன்று பரிந்துரைக்கிறார்கள். கெட்டிச் சளியையும் தூசியையும் அடித்துக்கொண்டு போகிறது, நுண்மயிர்களின் வேலையை எளிதாக்குகிறது.

கால் லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை ஆப்பசோடா. உடல் சூட்டுக்கு ஒத்த வெதுவெதுப்பு இருக்க வேண்டும். வெறும் தண்ணீரை விட்டால் மூக்கு எரியும், உப்பு கூடினாலும் எரியும். நாம் சமையலுக்கு வாங்கும் உப்பில் அயோடின் சேர்த்திருப்பதால் சிலருக்குக் கொஞ்சம் கரிக்கும். அப்படிப்பட்டவர்கள் மருந்துக்கடையில் கிடைக்கும் மூக்குக் கழுவும் பொடிப் பாக்கெட்டையும் அதற்குரிய பிளாஸ்டிக் பாட்டிலையும் வாங்கிக்கொள்ளலாம்.

வாஷ்பேசினில் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சுவிடுங்கள். மேலே இருக்கும் நாசியில் மெல்ல விட்டால் கீழ் நாசி வழியே வந்துவிடும். விழுங்கவோ பேசவோ வேண்டாம். பிறகு மறுபக்கம். முடிந்ததும் குனிந்தபடி லேசாகச் சிந்திவிடுங்கள். சளி இருக்கும் நாட்களில் காலையும் மாலையும் செய்யலாம். மூக்கு முழுக்க அடைத்து நீர் போகவே இடமில்லை என்றாலோ காது வலி இருந்தாலோ வலிந்து செய்யாதீர்கள்.

6. எந்தத் தண்ணீர் என்பதில் சிறு சமரசமும் வேண்டாம். குழாய்த் தண்ணீர், கிணற்று நீர், கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதையும் கொதிக்க வைக்காமல் மூக்கில் விடக் கூடாது. குடிக்க உகந்த தண்ணீர் எல்லாம் மூக்குக்கு உகந்தது ஆகாது. மூளையைத் தாக்கும் ஒரு வகை அமீபா நன்னீரில் வாழ்கிறது. வயிற்றுக்குள் போனால் அது ஒன்றும் செய்வதில்லை. மூக்குக்குள் போனால் வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறிவிடும். அந்த நோய் வந்தவர்களில் பிழைப்பவர்கள் மிகச் சிலரே. 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் இப்படி இறந்தார்கள். பக்கத்தில் கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் இதே அமீபா நோய் பற்றி வந்த செய்திகள் பலருக்கு நினைவிருக்கும். அரிதான நோய்தான், ஆனால் தடுப்பதற்குத் தேவை ஒரு கொதி மட்டுமே. தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு, மூடி வைத்து ஆறவிடுங்கள். அன்று காய்ச்சியதை அன்றே தீர்த்துவிடுங்கள். பாட்டிலைக் கழுவியபின் கவிழ்த்து வைத்து நன்றாக உலரவிடுங்கள். ஆளுக்கு ஒரு பாட்டில். கணவன் மனைவி என்றாலும் பகிர வேண்டாம்.

7. ஆவி பிடித்தால் இதமாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. சூடும் ஈரமும் சளியை இளக்கும். ஆனால் ஆவி சைனஸ் அறைக்குள் புகுந்து கிருமியைக் கொல்வதில்லை. நொச்சி, துளசி, யூகலிப்டஸ் தைலம் எல்லாம் மூக்கு திறந்துகொண்டது போன்ற உணர்வைத் தரும். அடைப்பின் அளவு பெரிதாக மாறாது என்றாலும் அந்த ஆறுதலுக்காகச் செய்வதில் தவறில்லை. செய்யும் முறைதான் முக்கியம். எரியும் அடுப்பின் மேல் குனிந்து போர்வை போர்த்துவதை அடியோடு விட்டுவிடுங்கள். பாத்திரத்தை இறக்கி, ஆடாத மேசையில் வைத்து, கொதி அடங்கியபின் ஒரு முழம் தள்ளி முகத்தை வைத்து, ஐந்து நிமிடம் போதும். பிள்ளைகளுக்கு வேது பிடிக்க வேண்டாம். கொதிநீர் மடியில் கவிழ்ந்து வெந்துபோகும் விபத்துகளில் சிக்குகிறவர்கள் பெரும்பாலும் சிறு பிள்ளைகள். கதவைச் சாத்திய குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, அந்த ஈரக்காற்றில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்தாலே போதும்.

8. கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிக் குழந்தையின் நெஞ்சில் தடவுவது பல வீடுகளில் வழக்கம். இரண்டு வயதுக்குள் கற்பூரமோ மென்தாலோ சேர்ந்த எதையும் தடவக் கூடாது. கற்பூரம் கொஞ்சம் உள்ளே போனாலும் பிள்ளைகளுக்கு வலிப்பு வரலாம். டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

9. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும் வாயால் ஊதிச் சளி எடுப்பதும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஒரு வகை நிமோனியா வரும். பாட்டிமார் அன்போடுதான் செய்கிறார்கள். அவர்களிடம் அதே அன்போடு மருந்துக்கடையின் உப்புநீர்ச் சொட்டு மருந்தைக் கையில் கொடுங்கள். பால் கொடுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு நாசிக்கு இரண்டு சொட்டு விட்டால் குழந்தை மூச்சடைக்காமல் குடிக்கும்.

10. சுக்குப் பற்றும் நீர்க்கோவை மாத்திரைப் பற்றும் பெரியவர்களுக்கு நெற்றிபாரத்தில் சுகம் தருகின்றன. காய்ந்து இழுக்கும்வரை விட்டால் தோல் புண்ணாகும், கண்ணில் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூக்கின் மேலும் கன்னத்திலும் பத்து நிமிடம் வைப்பது இதைவிட எளிது, யாருக்கும் கெடுதல் இல்லை.

11. மூக்கைச் சிந்தும்போது ஒரு பக்கத்தை மூடி மறுபக்கத்தை மெல்லச் சிந்துங்கள். இரண்டையும் அழுத்திப் பலமாகச் சிந்தினால் சளி பின்னோக்கி சைனஸ் அறைக்குள்ளேயே தள்ளப்படும், காதும் அடைக்கும்.

12. இரவில் இன்னொரு தலையணை வைத்துத் தலையையும் தோளையும் உயர்த்திக்கொள்ளுங்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது கீழே இருக்கும் நாசிதான் அதிகம் அடைக்கும். அடைத்த பக்கம் மேலே வரும்படி திரும்பிப் படுத்தால் சற்று நேரத்தில் திறக்கும்.

13. தயிர், வாழைப்பழம், பால் இவற்றால் சளி கூடுகிறது என்பதற்கு ஆதாரமில்லை. பால் குடித்தபின் தொண்டையில் கொஞ்ச நேரம் படலம் போலத் தோன்றும், அவ்வளவுதான். பசியில்லாமல் கிடக்கும் பிள்ளைக்கு மோர்ச்சோறுதான் இறங்குகிறது என்றால் கொடுத்துவிடுங்கள். மிளகு ரசம், சூடான கஞ்சி, சுக்குக் காபி எல்லாம் நல்லவை. சூடும் நீர்ச்சத்தும்தான் வேலை செய்கின்றன. தேன் கொடுப்பதாக இருந்தால் ஒரு வயதுக்கு மேல்தான்.

14. மூக்கைச் சட்டென்று திறக்கும் சொட்டு மருந்துகள், அதாவது ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் கலந்தவை, மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். எப்படியும் ஐந்து நாளைத் தாண்டவே கூடாது. இரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பை நீக்கும் இந்த மருந்தைத் தொடர்ந்து விட்டால், வேகம் அடங்கியதும் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கும். மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். தலையணைக்கடியில் அந்தச் சின்னப் பாட்டில் இல்லாமல் தூங்க முடியாத நிலைக்கு வந்தவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருத்துவர் உதவியோடு விடமுடியும், மூக்கும் பழைய நிலைக்குத் திரும்பும். இரத்த அழுத்தம், இதயநோய், கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

15. மருத்துவர் எழுதித்தரும் ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு வகை. உடனே திறக்காது; பலன் தெரிய நாட்கள் ஆகும், முழுப் பலனுக்கு வாரங்கள்கூட ஆகும். நான்கு நாள் அடித்துவிட்டுக் கேட்கவில்லை என்று தூக்கிப்போடுவதுதான் பலர் செய்யும் தவறு. முதலில் உப்பு நீரால் கழுவிவிட்டு, தலையைச் சற்றுக் கீழே குனிந்து, வலது நாசிக்கு இடது கையாலும் இடது நாசிக்கு வலது கையாலும் அடியுங்கள். அப்போது முனை தானாகவே அந்தப் பக்கக் காதை நோக்கி இருக்கும். நடுத்தண்டை நோக்கி அடித்தால் மூக்கில் ரத்தம் கசியும். பலமாக உறிஞ்ச வேண்டாம், தொண்டைக்குப் போய்விடும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம். சரியான அளவில் உடலுக்குள் சேர்வது மிகக் குறைவு.

16. சளி மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் பாராசிட்டமால் இருக்கும். காய்ச்சலுக்குத் தனியாக இன்னொரு பாராசிட்டமாலும் போட்டால் அளவு இரட்டிப்பாகிக் கல்லீரலைப் பாதிக்கும். கூடவே தூக்கம் வரவைக்கும் மருந்தும் இருப்பதால் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மூக்கடைப்பு மாத்திரைகள் அழுத்தத்தைக் கூட்டலாம். குளோர்பெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அறிவித்தது.

17. ஆன்டிபயாடிக்கை நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று பொருள்; 2016இல் மத்திய அரசு இதை மக்களுக்கு எடுத்துச் சொல்லப் பிரச்சாரமே நடத்தியது. வைரஸ் சளியில் இந்த மருந்து ஒரு நாளைக்கூடக் குறைக்காது. வயிற்றுப்போக்கு வரும், நாளை உண்மையாகவே தேவைப்படும்போது கேட்காமல் போகும். மருத்துவரே எழுதித்தந்தால் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மிச்சம் வைத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டாம்.

18. ஒரு பக்கம் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் பல் மருத்துவரையும் பாருங்கள். மேல் கடைவாய்ப் பற்களின் வேர் கன்னத்து அறையின் தரையை ஒட்டியே இருக்கிறது. சொத்தைப் பல்லின் சீழ் அங்கே ஏறினால், பல்லைக் கவனிக்காமல் எத்தனை மருந்து சாப்பிட்டாலும் திரும்பத் திரும்ப வரும். சின்னப் பிள்ளைக்கு ஒற்றை நாசியில் நாற்றச் சளி என்றால் புளியங்கொட்டையோ மணியோ உள்ளே போயிருக்கலாம். நீங்களே குச்சியால் எடுக்க முயலாதீர்கள். பொம்மை, கைக்கடிகாரம் இவற்றின் பட்டன் பேட்டரி என்று சந்தேகம் வந்தால் நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. சில மணி நேரத்திலேயே அது மூக்கின் நடுத்தண்டை அரித்துவிடும்.

19. கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, சாம்பிராணி, சிகரெட், விறகடுப்பு. எந்தப் புகையானாலும் நுண்மயிர்களின் அசைவைக் கெடுக்கும். மூக்குப்பொடியும் அப்படித்தான். சைனஸ் தொந்தரவு உள்ளவர் இருக்கும் வீட்டில் கொசுவலையே நல்லது. பூஜையறையில் சாம்பிராணி போடும்போது ஜன்னலைத் திறந்து வைத்து அவரை வேறு அறையில் இருக்கச் சொல்லுங்கள். ஒவ்வாமைக்காரர்களின் தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை கொதிசூட்டு நீரில் அலசி வெயிலில் போடவும். ஏசி வடிகட்டியை மாதம் ஒருமுறையாவது கழுவவும். மழைக்காலத்தில் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தால் ஒழுகும் இடத்தைச் சரிசெய்யாமல் சுண்ணாம்பு மட்டும் அடிப்பது வீண்.

20. மூக்கடைத்திருக்கும்போது விமானத்தில் போக நேர்ந்தால், இறங்கத் தொடங்கியதிலிருந்து எச்சிலை விழுங்கிக்கொண்டே இருங்கள், மிட்டாய் சப்புங்கள். நெற்றியில் குத்தும் வலி வந்தவர்கள் அடுத்த முறை பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

21. வீட்டில் நீரிழிவு உள்ளவர்கள் இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கறுப்புப் பூஞ்சை எத்தனை குடும்பங்களை உலுக்கியது என்று பார்த்தோம். கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் அதிகமான ஸ்டீராய்டும் அதற்கு வழிவிட்டன. அது கொரோனாவோடு வந்து கொரோனாவோடு போன நோய் அல்ல. முன்பும் இருந்தது, இப்போதும் சர்க்கரை ஏறிய உடலில் வருகிறது. ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போவது, முகம் வீங்குவது, மூக்கில் கறுப்புப் பொருக்கு, மேலண்ணத்தில் கறுப்புத் திட்டு, பல் திடீரென்று ஆடுவது, கண் புடைப்பது, இமை தொங்குவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே காது மூக்கு தொண்டைப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஒரு நாள் முந்தினால் கண்ணையும் உயிரையும் காப்பாற்ற முடியும். சளி பிடித்த நாட்களில் சர்க்கரையை வழக்கத்தைவிட அடிக்கடி பாருங்கள்.

22. மூக்கடைப்பும் சளியும் வாசனையின்மையும் 12 வாரத்தைத் தாண்டிவிட்டால் அது நாட்பட்ட சைனஸ். மூக்கில் சதை வளர்ச்சி, நடுத்தண்டு வளைவு, ஒவ்வாமை, பூஞ்சை என்று காரணம் தேடவேண்டியது அப்போதுதான். பிள்ளை எப்போதும் வாயைத் திறந்தே தூங்கிக் குறட்டை விட்டால் அடினாய்டு வீக்கமா என்று பார்க்கச் சொல்லுங்கள். சதை வளர்ச்சியோடு ஆஸ்துமாவும் உள்ள சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். அப்படி ஒருமுறை நடந்திருந்தால் எந்த மருத்துவரிடம் போனாலும் அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

23. மருத்துவரிடம் போகும்போது காலண்டர் குறிப்பு, இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் அட்டைகள், பழைய ஸ்கேன் இருந்தால் அது, இவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மூக்குக்குள் மெல்லிய கேமரா விட்டுப் பார்ப்பது சில நிமிட வேலை, வலி அதிகம் இராது. எக்ஸ்ரே அதிகம் பயன்படாது. பெரும்பாலும் அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கும்போதுதான் சி.டி. ஸ்கேன் தேவைப்படும். இன்றைய எண்டோஸ்கோப் அறுவையில் முகத்தில் கத்தி படுவதில்லை, நாசி வழியாகவே அடைபட்ட வாசலை அகலப்படுத்துகிறார்கள். சதை மறுபடி வளரும் வாய்ப்பு சிலருக்கு உண்டு என்பதால் அதன்பிறகும் உப்பு நீர்க் கழுவலையும் ஸ்பிரேயையும் எத்தனை மாதம் தொடரவேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.